தரங்கம்பாடிக்கு நாற்பது நிமிடம்

கேள்வி: ஆயர் ஐயாவுக்கு ஸ்தோத்திரம். பெங்களூரு லிங்கராஜபுரம் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. தமிழ்ச் சபையில் வாலிபர் சங்கச் செயலாளராக இருக்கிறேன், வயது 29. போன வருஷம் சபையார் 45 பேரை பஸ்ஸில் மூன்று நாள் கூட்டிப்போனோம். பிச்சாவரம், பூம்புகார், தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி, பூண்டி, தஞ்சாவூர், கல்லணை, மேட்டூர் என்று ஒன்பது இடம். திரும்பி வந்ததும் பெரியவர்கள், "இது யாத்திரையா, பிக்னிக்கா?" என்று கேட்டுவிட்டார்கள். தரங்கம்பாடி ஜெருசலேம் ஆலயத்தில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் கல்லறைப் பக்கம் நின்று ஒரு பையன் ஆடி எடுத்த ரீல்ஸ், சபை வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றிப் பெரிய சண்டையாகிவிட்டது. இந்த வருஷம் யாரும் போன் கொண்டுவரக் கூடாது என்கிறது கமிட்டி. அப்படியானால் வாலிபர் ஒருவரும் வரமாட்டார்கள். ஞாயிறு ஆராதனையை விட்டு ஊர் சுற்றுவதே தப்பு என்கிறார் ஒரு பெரியவர். புராட்டஸ்டன்டான நாம் வேளாங்கண்ணிக்குப் போகலாமா என்று வேறு சிலர் கேட்கிறார்கள். என் ஆபீஸ் சிநேகிதி ஒருத்தி, இந்து, தானும் வரட்டுமா என்கிறாள். எப்படித் திட்டம் போடுவது?

பதில்: தம்பி, உங்கள் கமிட்டி போனைப் பிடித்துக்கொண்டது. எனக்குக் கண்ணில் பட்டது அந்த ஒன்பது இடம்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே வாசல் உள்ள பஸ்ஸிலிருந்து 45 பேர் இறங்க, ஆளுக்குப் பத்து நொடி என்றாலும் ஏழரை நிமிடம். ஏறும்போது பெரியம்மாக்களும் கைக்குழந்தைகளும் இருப்பார்கள், தலை எண்ண வேண்டும், "இன்னும் ரெண்டு பேர் வரல" என்று நிற்க வேண்டும். அதற்குக் கால் மணி நேரம். கழிப்பறை இரண்டுதான் இருக்கிறது, ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் கடைசி ஆள் வெளியே வர ஒரு மணி நேரத்துக்கு மேல். தரங்கம்பாடிக்கு நீங்கள் ஒதுக்கியது நாற்பது நிமிடமாக இருந்திருந்தால், உள்ளே போய் நின்றது பதினைந்து நிமிடம் இருக்கும். அந்தப் பதினைந்து நிமிடத்தில், யாரும் எதுவும் சொல்லித்தராத ஒரு பழைய கட்டடத்துக்குள், இருபது வயதுப் பிள்ளை வேறு என்ன செய்வான்? படம் எடுப்பான். பெரியவர்களும் எடுத்திருப்பார்கள். அவர்கள் ஆடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே இந்த வருஷம் மூன்றே இடம். சனிக்கிழமை தஞ்சாவூர், ஞாயிறு முழுக்கத் தரங்கம்பாடி, ஞாயிறு இரவும் திங்கள் விடியலும் வேளாங்கண்ணி. திங்கள் விடுமுறை வரும் வாரக்கடைசியாகப் பாருங்கள். பொங்கல் கூட்டம் ஓய்ந்த ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நாகப்பட்டினம் கரையோரம் புயலும் மழையும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரு வெயிலுக்குப் பழகிய உடம்பு அங்கே பதினோரு மணிக்கே படுத்துவிடும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அந்த நாட்களில் உங்கள் பஸ்ஸை நிறுத்தக்கூட இடம் கிடைக்காது.

ஞாயிறை விடுவது தப்பு என்ற பெரியவருக்கு மரியாதையாகவே பதில் சொல்லுங்கள். அவர் பக்கம் லூத்தரே இருக்கிறார். 1520இல் ரோமாபுரி யாத்திரைகளைச் சாடி எழுதியபோது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, வீட்டில் மனைவி மக்கள் கஷ்டப்படும்போது ஒருவன் காசை வழியில் செலவழிக்கிறான் என்பது. யாத்திரை போனால் புண்ணியம் சேரும் என்ற எண்ணமும் நமக்கு இல்லை. ஆனால் சங்கீதப் புத்தகத்தில் 120 முதல் 134 வரை பதினைந்து ஆரோகண சங்கீதங்கள் இருக்கின்றன. எருசலேமுக்கு ஏறிப்போகிறவர்கள் பாடியவை என்று அவற்றைச் சொல்வார்கள். மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு ஐந்து. பஸ் கிளம்பும்போது ஒன்று, இறங்குமுன் ஒன்று, இரவு படுக்குமுன் ஒன்று என்று பங்கிடுங்கள். பெரும்பாலும் சின்னச் சங்கீதங்கள், ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடம்தான் ஆகும். ஞாயிறு ஆராதனையைத் தரங்கம்பாடி சபையாரோடு சேர்ந்து செய்யப்போகிறோம், விடப்போவதில்லை என்று அந்தப் பெரியவரிடம் சொல்லுங்கள். அவரையே ஒரு நாள் சங்கீதம் வாசிக்கவும் கேளுங்கள்.

இனி பஸ். வெள்ளி இரவு கிளம்பிவிடலாம், ஒரு நாள் மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். தூங்காத 45 பேரைக் காலையில் கல்லறைக் கல் பார்க்கக் கூட்டிப்போனால் பாதிப் பேர் பெஞ்சில் சாய்ந்துவிடுவார்கள். தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாய் இறக்கம் இருக்கிறது. விபத்துகளுக்குப் பேர்போன அந்த இடத்தைத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் டிரைவர் இரவு இரண்டு மணிக்குக் கடக்க வேண்டியதில்லை. வாடகையிலும் ஒரு கண்ணி உண்டு. சில டிராவல்ஸ்காரர்கள் நாளை நடுநிசியிலிருந்து நடுநிசி வரை எண்ணுவார்கள். வெள்ளி இரவு 10 மணிக்கு வண்டி எடுத்தால் அந்த இரண்டு மணி நேரத்துக்கும் ஒரு முழு நாள் வாடகை. கிலோமீட்டர் கணக்கும் உங்கள் ஆலய வாசலில் தொடங்காது, அவர்கள் ஷெட்டிலிருந்து தொடங்கி ஷெட்டில் முடியும். இரண்டையும் முன்பணம் கொடுக்குமுன் எழுதி வாங்குங்கள். இந்தச் சுற்று மொத்தம் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் வரும். ஒரு நாளுக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிடும் வண்டிக்கு மூன்று நாள் சரியாகப் பொருந்தும் தூரம் இது.

பெர்மிட் விஷயம் இன்னும் முக்கியம். வண்டி கர்நாடகப் பதிவு. ஆல் இந்தியா டூரிஸ்ட் பெர்மிட் நடப்பில் இருக்கிறதா, தமிழ்நாட்டில் ஓட என்னென்ன கட்ட வேண்டுமோ அதெல்லாம் கட்டியாயிற்றா என்று ரசீதின் படத்தையே கேட்டு வாங்குங்கள். பலரும் மறப்பது இதை: தரங்கம்பாடியிலிருந்து நாகப்பட்டினம் போகும் கடற்கரைச் சாலை காரைக்கால் வழியாகத்தான் போகிறது. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. அங்கே நுழையவும் வண்டிக்குத் தகுதி இருக்க வேண்டும். இல்லையென்றால் ஞாயிறு மாலை, பசித்த குழந்தைகளோடு, எல்லையில் டிரைவர் யாருக்கோ போன் பண்ணிக்கொண்டு நிற்பார். இன்னொன்று, காரைக்காலில் பஸ்ஸை நிறுத்தாதீர்கள். டீ குடிக்க என்று இறங்கினால் என்ன பாட்டில் எத்தனை ரூபாய் என்ற ஆராய்ச்சி தொடங்கிவிடும். வாலிபரைவிட நடுத்தர வயது அண்ணன்மாரிடம்தான் எனக்கு இந்தப் பயம்.

சனிக்கிழமை காலை 4.30க்கு வண்டி நகர வேண்டும். நகர வேண்டும் என்றால் நகர வேண்டும். குரூப்பில் "4 மணி" என்று போடுங்கள். ஐந்துக்கு முன் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டிவிட்டால் ஓசூர் ரோட்டில் ஒரு தொல்லையும் இல்லை. எட்டரைக்குச் சேலம் வந்துவிடும், சுமார் 200 கிலோமீட்டர். காலை ஆகாரத்துக்கு ஓட்டலைத் தேர்ந்தெடுக்கும்போது சாம்பார் எப்படி என்று கேட்காதீர்கள், கழிப்பறை எத்தனை என்று கேளுங்கள். ஆறு இருந்தால் 25 நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும். 180 இட்லி, 45 வடை என்று முந்தின நாளே சொல்லி வைத்தால் ஆளாளுக்குத் தோசை சொல்லிக் காத்திருக்கும் முக்கால் மணி நேரமும் மிச்சம். நாமக்கல், திருச்சி வழியாகத் தஞ்சாவூர் ஒன்றரை மணிக்கு.

மதியத்துக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். 45 பேருக்கு அரிசி 5 கிலோ, புளி அரைக் கிலோ, நல்லெண்ணெய் முக்கால் லிட்டர். வெள்ளி இரவே சாதத்தை வடித்து அகலமான தாம்பாளத்தில் பரத்தி நன்றாக ஆறவிட்டுப் பிறகுதான் புளிக்காய்ச்சலைக் கலக்க வேண்டும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்து, நண்பகலில் மூடியைத் திறக்கும்போதே வாடை சொல்லிவிடும். வெங்காயம் போட்ட எதையும் கட்டாதீர்கள். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் என்று 20 லிட்டர் கேன் ஏழு. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் பெயரைத் தனியே எழுதி, யாருக்கு எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று ஒரு வாலிபனிடம் பொறுப்பைக் கொடுங்கள். அவன் அலாரம் வைத்துக்கொள்வான். போனுக்கு அதுவும் ஒரு உபயோகம்.

தஞ்சாவூரில் இரண்டு ஆலயம். செயின்ட் பீட்டர்ஸில் ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரின் கல்லறை. 1750இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, கடைசி வரை ஊர் திரும்பாமல், 1798 பிப்ரவரி 13இல் தஞ்சாவூரிலேயே இறந்தவர். சிவகங்கைப் பூங்காவை ஒட்டி 1779இல் அவர் காலத்தில் கட்டிய இன்னொரு சின்ன ஆலயம். அதனுள்ளே சரபோஜி மன்னர் செய்வித்து வைத்த சலவைக்கல் சிற்பம் இருக்கிறது, லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செதுக்கியது. படுக்கையில் ஷ்வார்ட்ஸ், அவர் கையைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்கும் சரபோஜி. மன்னர் கிறிஸ்தவராகவில்லை. ஐயரை விடவும் இல்லை. அந்தக் கை கையைப் பற்றியிருக்கும் இடத்தைப் பிள்ளைகள் கிட்டப்போய்ப் பார்க்கட்டும். உங்கள் சிநேகிதி வரலாமா என்ற கேள்விக்கு நான் சொல்வதைவிட அந்தக் கல் நன்றாகவே பதில் சொல்லும். இந்த ஆலயம் எப்போதும் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். செயின்ட் பீட்டர்ஸ் சேகர அலுவலகத்தில் இரண்டு வாரம் முன்பே பேசி, யார் வந்து திறப்பார்கள், என்ன நேரம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்த இடத்தில் பெரியவர்கள் விரும்பாத ஒன்றையும் பேசிவிடுங்கள். நாம் பாடும் கீர்த்தனைகளில் பலவற்றைத் தந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) ஷ்வார்ட்ஸின் மாணவர், தஞ்சாவூரில் வாழ்ந்தவர். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது, ஒரே இடத்தில் உட்கார வேண்டும், ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டபோது தஞ்சாவூர் சபை பிளந்தது. சாஸ்திரியார் எந்தப் பக்கம் நின்றார் என்பதை நாம் ஞாயிறு பள்ளியில் சொல்லித்தருவதில்லை. அவர் சாதி வழக்கத்துக்கு ஆதரவாக எழுதினார். அவர் பாட்டை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. ஆனால் கிறிஸ்தவ மேட்ரிமோனி தளத்தில் சாதிக் கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, "ரீல்ஸ்தான் நம் பிள்ளைகளைக் கெடுக்கிறது" என்று பேசும் அப்பாமார் அந்த பஸ்ஸில் இருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு யாத்திரை வேண்டும்.

பெரிய கோயில் பூங்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மதியம் நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். ஐந்து மணிக்கு விரும்புகிறவர்கள் போய்ப் பார்க்கட்டும், விரும்பாதவர்கள் பூங்காவில் உட்காரட்டும். ராஜராஜன் 1010இல் முடித்த கட்டடத்தைத் தமிழர் பார்ப்பதற்கு யார் மன்னிப்பும் கேட்க வேண்டியதில்லை. இரவு தஞ்சாவூரில் தங்கல்.

ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடிக்கு மூன்று மணி நேரம். ஒரு மாதம் முன்பே உங்கள் ஆயர், அங்குள்ள தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஆயருக்குக் கடிதம் எழுத வேண்டும். எத்தனை பேர், எந்த ஞாயிறு, ஆராதனைக்கு வருகிறோம், திருவிருந்தில் பங்கெடுக்கலாமா, பிறகு ஆலயத்தில் ஒரு மணி நேரம் உட்காரலாமா, படம் எடுக்கலாமா. இத்தனையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிட வேண்டும். ஆராதனை நேரத்தை அவர் பதிலிலிருந்து எடுத்துக்கொண்டு புறப்படும் நேரத்தைத் திருத்துங்கள். திருவிருந்து விஷயத்தில் அவர் சொல்வதே முடிவு, வாசலில் நின்று விவாதம் வேண்டாம். காணிக்கையை ஆளாளுக்குச் சில்லறையாகப் போடாமல் சபை பெயரில் ஒரு கவரில் கொடுங்கள். நம் 45 பேர் நுழைந்து அந்த ஊர்ச் சபையார் உட்காரும் பெஞ்சுகளைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. பின்னால் உட்காருங்கள்.

பஸ்ஸை 1792இல் கட்டிய ஊர் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு ராஜ வீதியில் நடந்தே போங்கள். கடல் வரை பத்து நிமிட நடை. முடியாதவர்களுக்கு ஆட்டோ. ஆலயத்தின் முகப்பில், அப்போது இந்த ஊரை ஆண்ட டேனிஷ் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் முத்திரை தெரியும். இது 1718 அக்டோபரில் பிரதிஷ்டை செய்த புது ஜெருசலேம் ஆலயம். நாலே மாதத்தில், 1719 பிப்ரவரி 23இல், சீகன்பால்க் இறந்து பீடத்தருகே அடக்கம் பண்ணப்பட்டார். வயது 36. அவர் சக மிஷனரி புளூட்சோவோடு இந்தக் கரையில் இறங்கியது 1706 ஜூலை 9. மறுநாள்தான் அவருக்கு 24 முடிந்தது. உங்களுக்கு 29 என்று எழுதியிருக்கிறீர்கள், உங்கள் சங்கத்தில் பாதிப் பேர் 24க்குக் கீழே இருப்பார்கள். இந்த எண்களை மட்டும் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள்.

அவருக்கு முதல் விரோதி கோயில் பூசாரி அல்ல, சொந்தக் கோட்டை அதிகாரி. டேனிஷ் கமாண்டர் ஹாசியஸ் 1708 கடைசியில் அவரைப் பிடித்து டான்ஸ்போர்க் கோட்டைக்குள் நாலு மாதம் அடைத்து வைத்தார். அச்சு இயந்திரம் வந்தபின் இன்னொரு தொல்லை. ஜெர்மனியில் ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகவும் பெரிது, காகிதமோ குறைவு. பக்கத்திலிருக்கும் பொறையாறில் சின்ன எழுத்துகளை வார்த்துத்தான் 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். தமிழர் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் ஒரு பெரிய புத்தகமும் எழுதி ஊருக்கு அனுப்பினார். உன்னை அனுப்பியது அஞ்ஞானத்தை ஒழிக்க, பரப்ப அல்ல என்று ஹாலேயில் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். 1867இல் சென்னையில்தான் அது அச்சேறியது. பக்கத்து வீட்டுக்காரன் என்ன நம்புகிறான் என்று கேட்டு எழுதிய போதகர் ஒருவர் 300 வருஷத்துக்கு முன்பே இருந்தார் என்பது, வாட்ஸ்அப்பில் வருவதை வைத்தே மற்ற மதத்தை அளக்கும் நம் சபையாருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

இங்கே வாலிபருக்கென்று இரண்டு வேலை வையுங்கள். முதலாவது, 1715 புதிய ஏற்பாட்டின் ஒரு பக்கப் படத்தை இணையத்தில் தேடி எடுத்து, ஏ4 தாளில் 20 பிரதி. ஆலயத்தில் உட்கார்ந்து முதல் நாலு வரியை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எ, ஏ வேற்றுமையும் ஒ, ஓ வேற்றுமையும் அதில் தெரியாது. அந்த வேற்றுமையைப் பிறகு எழுத்தில் கொண்டுவந்தவர் வீரமாமுனிவர். ஆகவே ஒரே கொம்பு 'தெ'யும் ஆகும், 'தே'யும் ஆகும். இடம் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். பெரியவர்களும் தடுமாறுவார்கள், அங்கேதான் ருசி. இரண்டாவது, தமிழ் எழுதத் தெரியாத பிள்ளைகளுக்கு. பெங்களூருவில் அவர்கள் அதிகம் என்பது நமக்குத் தெரிந்ததே. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும், பாட்டுப் புத்தகம் ஆங்கில எழுத்தில். சீகன்பால்க் தமிழ் கற்றது உள்ளூர் வாத்தியாரிடம், சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதி. மாலை நாலரைக்குமேல் கடற்கரையில் அரை மணி நேரம், ஒரு பாட்டியும் இரண்டு பிள்ளைகளுமாக உட்கார்ந்து, பிள்ளை தன் பெயரைத் தமிழில் மணலில் எழுதட்டும். குழந்தைத்தனம் என்று சிலர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

இப்போது போன். தடை வேண்டாம். பையில் ஒளித்துக் கொண்டுவருவார்கள், நீங்கள் போலீஸ் வேலை பார்க்க நேரும். வாங்கிப் பெட்டியில் போட்டால் ஒன்று தொலையும், அதற்கு யார் பொறுப்பு? ஒரே ஒரு விதி போதும்: முதலில் உட்காருதல், பிறகு படம். ஆலயத்துக்குள் நுழைந்ததும் இருபது நிமிடம் எல்லோரும் பெஞ்சில். ஒருவர் ஐந்து நிமிடம் பேசுகிறார், ஒரு பாட்டு, மீதி நேரம் மௌனம். அதன் பிறகு கால் மணி நேரம் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். வரிசையை மாற்றினால் காரியம் கெட்டுவிடும். படம் எடுத்து முடித்தவன் மனதில் அந்த இடம் முடிந்துபோகிறது, அதன்பின் உட்கார வைத்தால் அவன் எடுத்ததைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். இந்த விதி பெரியவர்களுக்கும் உண்டு. முந்திப் போனை எடுப்பது குடும்பப் படத்துக்கு ஆள் கூட்டும் மாமாவாகத்தான் இருக்கும், பாருங்கள். ஆராதனை நடக்கும்போதும் திருவிருந்து எடுப்பவர்களையும் படம் கூடவே கூடாது. அந்த ஊர்ப் பிள்ளைகளைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். இரண்டு பேரை அதிகாரபூர்வப் படக்காரர்களாக வைத்து, எல்லாவற்றையும் செவ்வாய் இரவு ஒரே தொகுப்பாகக் குரூப்பில் போடச் சொன்னால் ஸ்டேட்டஸ் போடும் அவசரமும் கொஞ்சம் தணியும்.

வேளாங்கண்ணிக்குப் போகலாம். 45 கிலோமீட்டர் தூரத்தில், நம் கூட்டம் மொத்தத்துக்கும் சுத்தமான அறை கிடைக்கிற ஊர் அது, அதனால் தங்கலும் அங்கேயே. ஆனால் போவது விருந்தாளியாக என்ற நினைப்பு வேண்டும். பசிலிக்காவில் திருப்பலி நடந்தால் பின்னால் உட்கார்ந்து கேளுங்கள், நற்கருணை வாங்க வரிசையில் நிற்காதீர்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் ஒழுங்கு அது, நம்மைத் தாழ்த்துவதற்காக அல்ல. முழங்காலில் ஊர்ந்து வருபவர்களைப் பார்த்து பஸ்ஸில் ஏறியபின் கேலி பேசுவதற்கு முன்கூட்டியே தடை போடுங்கள். அப்படி ஊர்பவர்களில் பலர் பிள்ளைக்கு ஆபரேஷன் என்று நேர்ந்துகொண்டு வந்தவர்கள். நமக்கு மரியாளிடம் வேண்டுதல் இல்லை என்று பிள்ளைகள் கேட்டால் நேராகவே சொல்லுங்கள், அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. கடலில் யாரையும் இறங்க விடாதீர்கள். அலை இழுக்கும் கரை அது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இங்கே எத்தனையோ யாத்திரிகர்கள் போனார்கள், அவர்களுக்கு நினைவிடமும் இருக்கிறது. அங்கே ஐந்து நிமிடம் நின்று ஜெபித்துவிட்டு ஏறுங்கள். திங்கள் காலை ஏழரைக்கு மேல் ஊரில் இருக்கக் கூடாது. திரும்பும் வழி 480 கிலோமீட்டர், விடுமுறை முடிகிற மாலையில் ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வரை வண்டிகள் நத்தையாக ஊரும். இரவு ஒன்பதுக்கு வீடு என்று சொல்லுங்கள், பத்தானாலும் ஆச்சரியப்படாதீர்கள். செவ்வாய் காலை பள்ளி இருக்கிற வீடுகளுக்கு முன்கூட்டியே தெரியட்டும்.

உங்கள் சிநேகிதியைத் தாராளமாகக் கூட்டிவாருங்கள். மற்றவர்கள் கொடுக்கும் அதே கட்டணம், இலவசம் வேண்டாம். இலவசத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர் வீட்டார் யோசிப்பார்கள், நியாயம்தான். திருவிருந்து நேரத்தில் எல்லோரும் எழுந்து போவார்கள், நீங்கள் உட்கார்ந்தபடி இருக்கலாம் என்று முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள், திடீரென்று தனியாக உட்கார்ந்திருப்பது கூச்சமாக இருக்கும். பஸ்ஸில் சாட்சி சொல்லும் நேரம் வந்தால் மைக்கை அவரிடம் நீட்டாதீர்கள். "எப்போ ஞானஸ்நானம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்கும் அக்காமார் யார் யார் என்று உங்களுக்கே தெரியும். அவர்களிடம் முதல் நாளே தனியாகப் பேசிவிடுங்கள். அறையில் அவரோடு தங்கப்போகும் பெண் யார் என்பதையும் அவரே சொல்லட்டும்.

கடைசியாக, அந்த ஆடிய பையன். இந்த வருஷம் அவன் வரமாட்டேன் என்பான், கமிட்டியும் அவனைச் சேர்க்காதே என்று சொல்லும். லிஸ்ட்டில் அவன் பெயரை முதலிலேயே எழுதிவிடுங்கள். போன வருஷம் அது கல்லறை என்று அவனுக்கு யார் சொன்னார்கள் என்று கமிட்டியில் ஒரு தரம் கேளுங்கள். தரங்கம்பாடியில் அந்த ஐந்து நிமிடம் பேசும் ஆள் அவனாகவே இருக்கட்டும். சிறை, எழுத்து வார்த்தது, 36 வயது, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் வெட்டிவிடுங்கள்.